மரக்கலமும் மலைச்சரிவும்

கப்பலைப் பற்றி எழுதுவோர் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். போடிநாயக்கனூரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. தென்கிழக்கே தூத்துக்குடியும் மேற்கே கொச்சியும் தொலைவில் இருக்கின்றன. கண்ணுக்கு முன்னால் நிற்பது மலை ஒன்றே. ஆயினும், அரசுகள் கட்டியும் காத்தும் பழுதுபார்த்தும் வந்த கப்பற்படைகளின் வரலாற்றைத் துறைமுகத்திலிருந்து மட்டும் எழுதினால் அது பாதி வரலாறாகவே நின்றுவிடும். மற்றொரு பாதி மலைச்சரிவில் கிடக்கிறது. அந்தப் பாதியை இலக்கிய அன்பர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் காட்டும் வழி

நாவாய், வங்கம், கலம், அம்பி, ஓடம், தோணி, பஃறி, திமில், புணை எனத் தமிழில் நீரூர்திக்கு வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் மரக்கலம் என்னும் சொல் தனித்து எண்ணத்தக்கது. பிற பெயர்கள் பொருளின் வடிவையோ இயக்கத்தையோ சுட்ட, இச்சொல் பொருளின் பிறப்பிடத்தைச் சுட்டுகிறது. கடலில் மிதப்பது எதுவாயினும் அது முன்னர் ஒரு காட்டில் நின்ற மரம் என்பதை இச்சொல் மறக்கவிடுவதில்லை. கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலம் சென்றது. தேக்கு என்னும் தென்னாட்டுச் சொல் மலையாள வழக்கின் வழியே போர்ச்சுக்கீசியர் நாவில் ஏறி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அம்மரத்தின் பெயராகவே நிலைத்தது. மரத்தைக் கொண்டுபோனவர்கள் பெயரையும் சேர்த்தே கொண்டுபோனார்கள்.

நம் இலக்கியம் கப்பலை நிறையப் பேசுகிறது. கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், காற்றைப் பணிகொண்டு கலம் செலுத்திய முன்னோன் ஒருவனின் வழித்தோன்றலாக அவனைப் போற்றுகிறார். பட்டினப்பாலை புகாரின் துறையில் வந்திறங்கிய பொருள்களை அடுக்கிக் காட்டுகிறது. எனினும், அக்கலங்களைக் கட்டிய கை யாருடையது, அவற்றின் மரம் எம்மலையில் வெட்டப்பட்டது, ஓட்டை விழுந்தபோது அடைத்தவர் யார் என்னும் வினாக்களுக்குப் பாட்டில் விடை தேடுவது அரிது. 1025-இல் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மீது பெரும் படையைக் கப்பலில் அனுப்பினான். அவ்வெற்றியை மெய்க்கீர்த்தி விரித்துரைக்கிறது. கப்பல் கட்டிய தச்சரை அது பேசுவதில்லை. வென்ற இடங்களின் பட்டியல் கல்லில் ஏறியது; கலம் செய்தவர் கணக்கு கல்லில் ஏறவில்லை.

மண்ணுக்குள் கிடைத்த சான்று

இலக்கியம் விட்ட இடத்தை அகழ்வாய்வு ஓரளவு நிரப்புகிறது. செங்கடற்கரையில் எகிப்து நாட்டுப் பழந்துறையான பெரனிகேயில் தேக்குக் கட்டைகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தேக்கு எகிப்தில் வளரும் மரம் அன்று. இந்தியக் கடல்வழியில் ஓடிய கப்பல்கள் பயன்முடிந்து பிரிக்கப்பட்டபின், அவற்றின் பலகைகள் அங்கே கட்டடங்களுக்குப் பயன்பட்டிருக்கின்றன என ஆய்வாளர் கருதுகின்றனர். அதே ஊரின் கோயிற்பகுதியில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட மிளகு இருந்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும் அங்குக் கிடைத்தது. மரமும் மிளகும் மேற்குமலையின் கொடை; எழுத்து தமிழனின் கை. ஏறிச் சென்ற சரக்கும், ஏற்றிச் சென்ற கலமும் ஒரே மலைத்தொடரின் பிள்ளைகள் என்பது இங்குப் புலனாகிறது.

கப்பல் கட்டும் கலையைக் கூறும் தமிழ் நூல்களும் இல்லாமல் இல்லை. கப்பல் சாத்திரம் என்னும் சுவடி, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தால் 1950-இல் அச்சாயிற்று. மரத்தின் தேர்வு, உறுப்புகளின் அளவு, தொழில் தொடங்கும் நாள் முதலானவற்றை இவ்வகை நூல்கள் பேசுகின்றன. அடிமரமாகிய ஏரா, விலா எலும்புபோல் நிற்கும் வங்கு, முன்பகுதியாகிய அணியம், பாயைத் தாங்கும் பருமல் எனத் தமிழில் கப்பலின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் உண்டு. கப்பல் கட்டும் தச்சனுக்கு ஓடாவி என்று பெயர். பலகைகளின் இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசி நீர் புகாது அடைப்பது கலப்பற்று. கட்டுதலுக்கு மட்டுமன்றிக் காத்தலுக்கும் நம் மொழி சொற்களைச் சேமித்து வைத்திருந்தது என்பதற்கு இச்சொல் ஒன்றே போதிய சான்று.

பம்பாய்த் துறை

ஓர் அரசின் கப்பற்படை கட்டப்பட்டுப் பராமரிக்கப்பட்ட கதையை முழுமையாக அறிய, ஏடுகள் நிறைந்த பம்பாய்க் கப்பல்துறைக்கே செல்ல வேண்டும். 1736-இல் சூரத்திலிருந்து இலவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சரைக் கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாய்க்கு அழைத்தது. 1750-இல் அங்கே உலர்துறை அமைந்தது. கப்பலை உள்ளே நிறுத்தி, வாயிலை அடைத்து, நீரை வெளியேற்றி, அடிப்பாகத்தை வெயிலில் வைத்துப் பார்க்கும் அமைப்பு அது. கடற்படையின் வலிமை பீரங்கியின் எண்ணிக்கையில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அடிப்பலகையைச் சுரண்டிப் பாசியும் சிப்பியும் நீக்கி, புழுவரித்த பலகையைக் கழற்றிப் புதியது பொருத்தி, கலப்பற்று மாற்றி, செம்புத் தகடு போர்த்தும் வசதி இல்லாத படை சில ஆண்டுகளில் மூழ்கிப்போகும். பம்பாயின் பெருமை அந்த உலர்துறைகளால் வந்தது.

வாடியா குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அத்துறையின் தலைமைத் தச்சர்களாக இருந்தனர். சாம்செட்ஜி பொமான்ஜி வாடியா கட்டிய மிண்டன் என்னும் போர்க்கப்பல் 1810-இல் நீரில் இறங்கியது. எழுபத்து நான்கு பீரங்கிகள் தாங்கிய அது, பிரித்தானியக் கடற்படைக்காகப் பிரித்தானியாவுக்கு வெளியே கட்டப்பெற்ற முதல் பெரும்போர்க்கப்பல். 1813-இல் அவர் கட்டிய கார்ன்வாலிஸ் கப்பலின் தளத்தில்தான், 1842 ஆகஸ்டு 29-இல் சீனம் நான்கிங் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. 1824-இல் அதே துறையில் முடிந்த ஆசியா, 1827-இல் நவரினோ கடற்போரில் தளபதியின் கப்பலாயிற்று. கார்ன்வாலிஸ் என்னும் பெயருடைய முந்தைய கப்பல் ஒன்றை 1800-இல் கட்டியபோது, அதன் உள்மரத்தில் ‘இதைக் கட்டியவன் ஒரு கறுப்பன்’ என்னும் பொருள்பட வசைச்சொல் ஒன்றைச் சேர்த்தே சாம்செட்ஜி செதுக்கிவைத்தார் என்றொரு செய்தி வழங்கிவருகிறது. தம்மை இகழ்ந்தோரின் சொல்லையே தம் கையொப்பமாக்கிக் கப்பலின் மார்புக்குள் மறைத்த அச்செயல், கல்வெட்டில் இடம்பெறாத எல்லாத் தச்சர்களின் சார்பிலும் செய்த பதிவு என்றே தோன்றுகிறது.

மலை கொடுத்த விலை

இத்தனை கப்பலுக்கும் மரம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிக்கொண்டிருந்தது. நெல்சனின் விக்டரி கப்பல் ஒன்றுக்கே ஏறத்தாழ 6,000 மரங்கள் ஆயின என்பர். தேக்கோ ஓக்கினும் பல வகையில் சிறந்தது. அதன் எண்ணெய்ப்பசை கடற்புழுவைத் தடுக்கும். ஓக்கின் துவர்ச்சாறு இரும்பாணியை அரிக்கும். தேக்கு ஆணியைக் காக்கும். ஆகவே கம்பெனியின் பார்வை மலையாளக் கரையை ஒட்டிய மலைகளின்மேல் விழுந்தது. 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவர் காடுகளின் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். இந்தியாவில் அப்பதவி வகித்தவர்களுள் முதல்வர் அவரே. தேக்குமரம் கம்பெனியின் தனியுரிமை ஆயிற்று. தம் நிலத்தில் நின்ற மரத்தை வெட்டவும் உழவர்க்கும் வணிகர்க்கும் உரிமை மறுக்கப்பட்டது. எதிர்ப்பு வளர்ந்தது, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823-இல் அவ்வேற்பாட்டை நீக்கினார். காட்டைக் காப்பதற்கென முதலில் ஏற்பட்ட பதவி, கப்பலுக்கு மரம் குறையாமல் பார்த்துக்கொள்வதற்காகவே ஏற்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ‘பாதுகாவலர்’ என்னும் சொல் எதை யாருக்காகப் பாதுகாத்தது என்று கேட்கும் பொறுப்பு சொல்லைத் தொழிலாகக் கொண்ட நமக்கு உண்டு.

வெட்டியது போக மிஞ்சியது குறைவு என்று தெரிந்தபோது, 1840-களில் மலபார்க் கலெக்டர் கனோலியின் முயற்சியாலும் சாத்து மேனனின் உழைப்பாலும் நிலம்பூரில் தேக்கு நடவு தொடங்கியது. 1848 முதல் சேம்ஸ் மைக்கேல் என்னும் படை அலுவலர் பம்பாய்த் துறைக்காக ஆனைமலைக் காட்டில் மரம் வெட்டும் பணியை நடத்தினார். நம் ஏலமலைக்கு வடக்கே அதே தொடரில் அமைந்தது ஆனைமலை. காடர் முதலான மலைமக்களின் வழித்துணையும் யானைகளின் தோளும் இல்லாமல் அங்கிருந்து ஒரு கட்டையும் கீழே இறங்கியிராது. சரிவில் உருட்டப்பட்ட மரங்கள் ஆற்றில் மிதந்து பொன்னானிக் கரையை அடைந்து, அங்கிருந்து கடல்வழியே பம்பாய் சென்றன.

இத்தொழிலின் நுட்பங்களில் இரண்டைக் கவிஞர்களின் கவனத்துக்குக் கொணர விரும்புகிறேன். முதலாவது, பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. எனவே மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டி, நின்ற நிலையிலேயே ஓரிரு ஆண்டு உலரவிட்டு, பிறகு வீழ்த்தும் வழக்கம் தேக்குக் காடுகளில் இருந்தது. இலை உதிர்ந்து, சாவு உறுதியாகி, ஆயினும் வீழாது நிற்கும் மரங்களின் கூட்டமே கப்பலின் முதல் வடிவம். இரண்டாவது, கப்பலுக்கு நேர்மரம் மட்டும் போதாது. வங்குகளுக்கும் தளத்தைத் தாங்கும் மூலைகளுக்கும் இயல்பிலேயே வளைந்த மரம் வேண்டும். நேர்மரத்தை அறுத்து வளைவு செய்தால் நரம்பு அறுபட்டு வலுவிழக்கும். ஆகையால் காற்றோடு போராடி முறுகி வளைந்த மரத்தை ஓடாவி தேடித் திரிந்தான். வீட்டுத் தச்சன் கழித்துவிட்ட கோணலைக் கப்பல் தச்சன் விலைகொடுத்து வாங்கினான்.

திருக்கோணமலை என்னும் கப்பல்

பம்பாய்க் கப்பல்களுள் ஒன்றன் கதை தமிழருக்குத் தனியாக உரியது. ஈழத்தின் பெருந்துறையான திருக்கோணமலையின் பெயரால் ‘டிரிங்கோமலி’ எனப் போர்க்கப்பல் ஒன்றைக் கட்ட ஆணை பிறந்தது. அதன் வரைபடங்களை ஏற்றிவந்த சாவா என்னும் கப்பல் 1812 திசம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பலிடம் வீழ்ந்தது. மீண்டும் படம் வரைந்து அனுப்பவேண்டியதாயிற்று. மலபார்த் தேக்கைக் கொண்டு 1816-இல் தொடங்கி, 1817 அக்டோபரில் அதனை நீரில் இறக்கினார் சாம்செட்ஜி. 1819-இல் அது இங்கிலாந்து சேர்ந்தபோது நெப்போலியப் போர்கள் முடிந்திருந்தன. கப்பலுக்கு வேலை இல்லை. கூரை வேய்ந்து 1845 வரை துறையில் கட்டிவைத்தனர். பின்னர்ச் சில ஆண்டு கடலில் ஓடி, பயிற்சிக் கப்பலாகி, 1897-இல் விற்கப்பட்டு, வேறு பெயரும் சூட்டப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அது தன் பெயரை இழந்து கிடந்தது.

வட இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் ஊருக்கு 1987-இல் அதனைக் கொண்டுசென்று, பல ஆண்டுகள் பழுதுபார்த்து 2001-இல் பணியை நிறைவு செய்தனர். அப்பணிக்கிடையே 1992-இல் பழைய பெயரும் திரும்பியது. பிரித்தானியாவில் இன்றும் நீரில் மிதக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் அதுவே. மலையாள மலையின் மரம், பார்சித் தச்சரின் கை, தமிழூரின் பெயர்: மூன்றும் சேர்ந்து இருநூறு ஆண்டு கடந்தும் குளிர்நாட்டு நீரில் நிற்கின்றன. கட்டியவரின் திறம் அதனைப் பிறப்பித்தது. பழுதுபார்த்தவரின் பொறுமை அதனைப் பிழைப்பித்தது. பின்னதற்கு வரலாற்று நூல்கள் ஒதுக்கும் பக்கம் மிகக் குறைவு.

இரும்பு வந்த பின்

1860-இல் வாரியர் என்னும் இரும்புக் கவசக் கப்பலை இங்கிலாந்து நீரில் இறக்கியது. மரக்கலங்களின் காலம் முடிந்தது. 1863-இல் இந்தியக் கடற்படை என்னும் கம்பெனிக்கால அமைப்பே கலைக்கப்பட்டது. அத்துடன் மலைக்கு விடுதலை கிடைத்ததா என்றால், இல்லை. இருப்புப்பாதைக்குக் குறுக்குக்கட்டை தேவைப்பட்டது. ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2,000 கட்டைகள் வேண்டும். கப்பல் விட்ட கோடரியை இரயில் எடுத்துக்கொண்டது. 1856-இல் சென்னை மாகாணக் காட்டுப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற கிளெக்கார்ன் எழுதியவற்றில் இக்கவலையைக் காணலாம்.

நம் சரிவின் கதை இவ்விடத்தில் சற்று வேறுபடுகிறது. ஏலம் நிழல் கேட்கும் பயிர். பெருமரங்களை மொட்டையடித்த இடத்தில் அது வாழாது. தேயிலைக்காகக் கண்ணன் தேவன் மலைகள் வழிக்கப்பட்ட காலத்தில், ஏலமலையில் மரங்கள் பலவும் ஏலத்தின் பொருட்டே நின்றன. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடி சென்று கப்பலேறியது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயில்பாதையை அடித்துச் சென்றது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. கப்பலுக்கு உடலைத் தந்த மலைத்தொடர், இவ்வாறு கப்பலின் வயிற்றை நிரப்பும் சரக்கையும் தந்தது.

பெரியாற்று நீரில்

அரசுக் கலங்கள் நம் மலைக்கே ஏறிவந்த நிகழ்ச்சியும் உண்டு. 1886-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை முடிவாகி, 1887-இல் தொடங்கிய பெரியாற்று அணைப்பணி, கர்னல் பென்னிகுயிக்கின் தலைமையில் 1895-இல் நிறைவுற்றது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பொருள்கள் கம்பிவழியே மலையேறின. அணைக்கட்டும் இடம்வரை ஆற்றிலும் பண்டங்கள் படகேறின. வெள்ளம் அடித்துச் சென்ற தற்காலிக அணைகளை மீண்டும் மீண்டும் அமைக்கக் கொச்சியிலிருந்து போர்ச்சுக்கீசிய வழித் தச்சர்கள் வந்தனர். கடற்கரையின் மரவேலைத்திறன் மலையுச்சிக்கு வந்து சேர்ந்தது.

அணையில் நீர் நிறைந்தபோது காட்டின் ஒரு பகுதி நின்ற நிலையிலேயே மூழ்கியது. அம்மரங்களின் பட்ட அடிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் ஏரியில் நிற்கின்றன. அவற்றை விலக்கியே படகுகள் செல்லவேண்டும். கேரள மண்ணில் நிற்கும் அணையைத் தமிழ்நாட்டு அரசு பராமரிக்கிறது. அணையைப் பார்வையிடச் செல்லும் அலுவலர்களுக்காகத் தமிழகப் பொதுப்பணித்துறை தேக்கடியில் படகுகள் வைத்துக்கொண்டது. பல்லாண்டு உழைத்த அவற்றுள் ஒன்றன் பெயர் கண்ணகி. புகாரின் பெருவணிகர் குடியில் பிறந்தவள் பெயர், மங்கலதேவிக் கோட்டம் நிற்கும் மலையின் அடிவாரத்து நீரில், அரசுப் படகொன்றின் பெயராக மிதந்தது. திட்டமிட்டு எவரும் இதைச் செய்திருக்க முடியாது.

அதே ஏரியில் 2009 செப்டம்பர் 30-இல் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சலகன்னிகை என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். நீரில் இறங்கி நெடுநாள் ஆகாத புதுப்படகு அது. மேலடுக்கில் இருந்தோர் ஒருபுறம் திரண்டதும், படகின் சமநிலையில் இருந்த குறையும் காரணங்களாகப் பேசப்பட்டன. கலத்தை அளவறிந்து கட்டுதலும் அடிக்கடி ஆய்ந்து பார்த்தலும் ஏட்டுக்கலை அல்ல, உயிர்க்காவல் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. கப்பல் சாத்திரம் எழுதியவர்கள் அளவை வலியுறுத்தியதன் பொருள் இங்கு விளங்குகிறது.

நிறைவாக

இன்றைய போர்க்கப்பல்களில் தேக்கு இல்லை, உருக்கே உண்டு. ஆனால் பெயர்களைக் கவனியுங்கள். விடுதலை இந்தியாவில் மும்பையின் மசகான் துறை கட்டிய பெரும்போர்க்கப்பல் ஒன்று 1972-இல் நீலகிரி என்னும் பெயருடன் படையில் சேர்ந்தது. அதன் தங்கைக் கப்பல்கள் இமகிரி, உதயகிரி, துனகிரி, தாராகிரி, விந்தியகிரி. பழைய நீலகிரி ஓய்ந்தபின், 2025 சனவரி 15-இல் புதிய நீலகிரி படையில் சேர்ந்தது. ஒரு காலத்தில் மலை தன் மரத்தைக் கப்பலுக்குக் கொடுத்தது; இப்போது பெயரை மட்டும் கொடுக்கிறது. மலைக்கு இது நல்ல மாற்றமே.

நம் மொழிக்கு மட்டும் ஓர் இழப்பு உண்டு. ஓடாவி, ஏரா, வங்கு, பருமல், கலப்பற்று என்னும் சொற்கள் மரக்கலத்தோடு கரையொதுங்கிவருகின்றன. அகராதியில் அவை இருக்கும், நாவில் இராது. நாகையிலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்துக் கரையிலும் மரப்படகு கட்டும் முதியவர்களிடம் எஞ்சியிருக்கும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளக் காலம் அதிகம் இல்லை. மலைப்பக்கத்திலும் அவ்வாறே: மரத்தின் வகை, காயும் பருவம், வெட்டும் முறை, யானைக்கு இடும் கட்டளை ஆகியவற்றுக்கு மலைமக்களிடம் வழங்கும் சொற்கள் இன்னும் தொகுக்கப்பட வேண்டியவை.

பத்து ஆண்டுகளை நிறைவுசெய்யும் நம் வட்டம் பாட்டரங்கும் ஆய்வரங்கும் நிறைய நடத்தியிருக்கிறது. அடுத்த பத்தாண்டின் பணிகளுள் ஒன்றாக இச்சொற்றொகுப்பை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். சரிவூர்களுக்குச் செல்ல ஒரு குழு, கரையூர்களுக்குச் செல்ல ஒரு குழு, இருவர் கொணர்வதையும் ஒழுங்குசெய்ய ஒருவர் என அமைந்தால் தொடங்கிவிடலாம். பழுதுபார்க்கும் தொழில் கப்பலுக்கு மட்டும் உரியதன்று. மொழியின் பலகைகளுக்கிடையிலும் நீர் கசிந்துகொண்டிருக்கிறது. கலப்பற்று இடும் கைகள் வேண்டும்.